பாட்டு நோட்டு: பல வருடம் எழுதிப் பார்த்ததில்

பாட்டுக் கேட்டுவிட்டு அதைப் பற்றி நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்குப் பல வருடமாக உண்டு. யாரிடமும் காட்டுவதற்காக இல்லை, காசும் வராது. "இதை வைத்து என்ன பண்ணப் போகிறாய்?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனால் இந்தப் பழக்கம் எப்படி உழைத்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு, ஒரு பேனா, சுமாரான ஹெட்போன், அவ்வளவுதான் வேண்டும். செல்போனில் டைப் செய்வது சரிப்படாது. பல்லவி முடிவதற்குள் வாட்ஸ்அப் கூப்பிட்டுவிடும். நான் இடது பக்கம் எழுதிவிட்டு வலது பக்கத்தைக் காலியாக விடுவேன். அதே பாட்டை ஒரு வருடம் கழித்துக் கேட்கும்போது தோன்றுவதெல்லாம் அங்கே போகும்.

'அருமை', 'உருக்கம்' மாதிரிச் சொற்களுக்கு ஆயுள் குறைவு. திரும்பப் படித்தால் எந்தப் பாட்டைச் சொன்னோம் என்றே தெரியாது. நிமிடமும் நொடியும் போட்டு, அந்த இடத்தில் காதில் என்ன விழுந்தது என்று எழுதிய வரிதான் நிற்கிறது.

உதாரணத்துக்கு 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்'. 1977இல் வந்த 'கவிக்குயில்' படத்துக்கு இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது. மெட்டு நேராக மேலே போகாமல் கொஞ்சம் ஏறி, திரும்பி, மறுபடி ஏறுகிறது என்று இடது பக்கத்தில் இருக்கிறது. ராகம் ரீதிகௌளை என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் ஆரோகணமே, அதாவது ஸ்வரங்கள் ஏறும் வரிசையே, வளைந்துதான் போகும்: ச க ரி க ம நி த ம நி நி ச. ஏறும்போது பஞ்சமம் ('ப' ஸ்வரம்) கிடையாது. இறங்கும்போது ம க ம ப ம க ரி ச என்று வந்து தலைகாட்டும். காதுக்குத் தட்டுப்பட்டதற்குக் காரணம் கிடைத்த சந்தோஷத்தில் வலது பக்கம் ஒரே மூச்சில் நிரம்பிவிட்டது. அப்புறம் 'முதல்வன்' (1999) படத்தின் 'அழகான ராட்சசியே', 'சுப்ரமணியபுரம்' (2008) படத்தின் 'கண்கள் இரண்டால்' இரண்டும் அதே ராகம் என்பதால் அதே பக்கத்து ஓரத்தில் இடம் பிடித்தன. ரஹ்மான் பாட்டில் தாளம் துள்ளுகிற துள்ளலில் ராகம் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஜேம்ஸ் வசந்தன் பாட்டில் ஒளிவு மறைவே இல்லை. இவற்றுக்கெல்லாம் பிறகு அதே ராகத்தில் பாபநாசம் சிவனின் கீர்த்தனை 'தத்வமறிய தரமா' கேட்டபோது, தெரிந்தவர் வீட்டுக்குள் நுழைவது போலிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும்: ராகத்தின் பெயரை முதலிலேயே தேடிப் பார்க்காதீர்கள். பெயர் தெரிந்ததும் காது வேலையை நிறுத்திவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பஸ்ஸில் சும்மா பாட்டுக் கேட்கும் சுகம் போய்விட்டது. குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டார் பின்னாலேயே காது ஓடுகிறது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்கும்போது "இந்த இடத்தைக் கவனி" என்று நிறுத்தினால் திட்டு நிச்சயம். தகவல் திரட்டுவதும் பெரும்பாடு. பாட்டு ஆப்களில் பாடலாசிரியர் பெயர் பல சமயம் இருக்காது. வாத்தியக்காரர்கள் பெயரோ கேசட் அட்டைக் காலத்திலேயே அபூர்வம். 'இளைய நிலா பொழிகிறதே' கிட்டாரைச் சிலாகிக்காதவர் உண்டா? வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

"இதையெல்லாம் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதேன்" என்கிறாள் தங்கை. எழுதலாம்தான். அப்புறம் வெள்ளிக்கிழமை வந்த படத்தின் பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டு முடிக்க வேண்டும், எந்த ரசிகர் சண்டைக்கு வருவாரோ என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். நோட்டில் அந்தத் தொல்லை கிடையாது. ஒரே பாட்டோடு ஒரு மாதம் உட்காரலாம். ஊரே கொண்டாடும் பாட்டைப் பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போது உட்கார்ந்திருப்பது 'தளபதி' (1991) படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு' பாட்டோடு. ஆட்டம் களைகட்டும்போது நடுவில் அப்பர் தேவாரம், 'குனித்த புருவமும்', பெண் குரலில் வந்து இறங்குகிறதே, அந்த இடம். ஆட்டம் எந்த நொடியில் அடங்குகிறது, தேவாரத்திலிருந்து மறுபடி எப்படிக் கிளம்புகிறது என்று கணக்குப் போட்டதிலேயே பக்கம் தீர்ந்துவிட்டது. தொடக்கத்தில் வரும் வயலின்களை இன்னும் தொடவே இல்லை.