ஹோஸ்டும் வி.எம்.மும் பேச எந்த வழி நல்லது: நெட்வொர்க்கா, வெர்ட்டியோ சீரியலா, வீசாக்கா?

லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் ஒரு வி.எம். (ஹோஸ்ட் என்ற நிஜக் கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஏற்றியதும் எல்லோரும் முதலில் பிடிப்பது நெட்வொர்க்கைத்தான். வி.எம்.களை நிர்வகிக்கும் லிப்வெர்ட் தானாகவே ஒரு பிரிட்ஜ் (மெய்நிகர் இணைப்புப் பாலம்) போட்டு 192.168.122 வரிசையில் முகவரியும் கொடுத்துவிடும். எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக நுழையும் முறை) போட்டால் உள்ளே போய்விடலாம். தினப்படி வேலைக்கு இது போதும். ஆனால் நிர்வாக வேலையையும் இதே வழியில் விடக்கூடாது.

எனக்கு இது புரிந்தது ஓர் இரவில். வி.எம்.முக்குள் ஃபயர்வாலை இயக்கினேன். 22ஆம் போர்ட்டைத் திறக்கும் வரியைச் சேர்க்க மறந்துவிட்டேன். அப்புறம் எஸ்எஸ்எச் வேலை செய்யவில்லை. கன்சோல் வழியாகப் போகலாம் என்றால், கிளவுட் இமேஜ் (முன்பே தயாரித்து வைத்த வட்டுப் பிரதி) என்பதால் எந்தப் பயனருக்கும் கடவுச்சொல்லே கிடையாது. காப்பாற்றியது கெஸ்ட் ஏஜென்ட், அதாவது வி.எம்.முக்குள் ஓடி ஹோஸ்டின் கட்டளைகளை நிறைவேற்றும் சிறு புரோகிராம். ஹோஸ்டிலிருந்தே கடவுச்சொல் வைத்து, கன்சோலில் நுழைந்து விதியைத் திருத்தினேன்.

அந்த ஏஜென்ட் பேசுவது வெர்ட்டியோ சீரியல் என்ற மெய்நிகர் சீரியல் போர்ட் வழியாக. ஹோஸ்ட் பக்கம் ஒரு யூனிக்ஸ் சாக்கெட், வி.எம். பக்கம் ஒரு டிவைஸ் ஃபைல், அவ்வளவுதான். ஐபியும் இல்லை, ஃபயர்வாலும் இல்லை. விண்டோஸ் வி.எம்.மிலும் வெர்ட்டியோ டிரைவர்களைப் போட்டால் ஓடும்.

குறை என்னவென்றால், இது ஒற்றைக் குழாய். இணைப்பு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு புரோகிராம் பாதிப் பதிலைப் படித்துவிட்டுச் செத்தால், மீதியை அடுத்து வருகிற புரோகிராம் தன் பதில் என்று நினைத்துப் படிக்கும். இதற்காகவே கெஸ்ட் ஏஜென்டில் தனியாக ஒரு ஒத்திசைவுக் கட்டளை இருக்கிறது: 255 மதிப்புள்ள ஒரு பைட்டை எல்லைக்கல்லாக வைத்து, அதற்கு முந்தைய மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள். நாமே சேவை எழுதினால் இந்த வேலையை நாமே செய்ய வேண்டும். இரண்டு சேவை என்றால் இரண்டு சேனல் வேறு.

வீசாக் என்பது ஹோஸ்டும் வி.எம்.மும் நேரடியாகப் பேசுவதற்கான சாக்கெட் வகை; அதில் இந்தத் தொல்லை இல்லை. விஎம்வேர் எழுதி 2013இல் லினக்ஸ் 3.9 கெர்னலில் சேர்ந்தது. கேவிஎம்முக்கான வெர்ட்டியோ வடிவம் 2016இல் 4.8இல் வந்தது. ஐபிக்குப் பதில் சிஐடி என்ற எண்: ஹோஸ்டுக்கு எப்போதும் 2, வி.எம்.களுக்கு 3 முதல். மற்றபடி வழக்கமான சாக்கெட் நிரல்தான். ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பும் தாங்கும். லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் 256ஆம் பதிப்பு முதல் எஸ்எஸ்எச்சையே இதன் வழியாகத் திறக்க முடிகிறது. ஃபயர்கிராக்கர் என்ற இலகுவான வி.எம். மென்பொருளிலும் வீசாக் உண்டு, ஆனால் ஹோஸ்ட் பக்கம் அது யூனிக்ஸ் சாக்கெட்டாகத் தெரியும். "கனெக்ட்" என்ற சொல்லையும் போர்ட் எண்ணையும் ஒரு வரியாக அனுப்பித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

கோப்புகளைப் பகிர மட்டும் என்றால் இதெல்லாம் வேண்டாம், ஹோஸ்டின் கோப்புறையை வி.எம்.முக்குள் காட்டும் வெர்ட்டியோஎஃப்எஸ் போதும்.

புதிதாகச் சேவை எழுதுகிறவர்களுக்கு வீசாக்கைத்தான் சொல்வேன். ஏஜென்ட் சேனலை எப்படியும் முதல் நாளே போட்டு வையுங்கள். ஆனால் வீசாக் பாதுகாப்பானது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சீரியல் டிவைஸ் ஃபைலை வழக்கமாக ரூட் மட்டுமே திறக்க முடியும், வீசாக்கிலோ வி.எம்.முக்குள் இருக்கும் எந்தச் சாதாரணப் பயனரும் ஹோஸ்டின் கதவைத் தட்டலாம். ஐபி ஃபயர்வால் விதிகள் அங்கே செல்லாது. ஆகவே, வருகிற இணைப்பின் சிஐடியை உங்கள் சேவையே சரிபார்க்க வேண்டும். லைவ் மைக்ரேஷன் (ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது) செய்தால் திறந்திருந்த இணைப்புகள் அறுந்துபோகும். மறுபடி இணையும் வழியை முதலிலேயே எழுதிவிடுங்கள்.