சுங்கை சிப்புட்டில் ஒரு கம்பிக்காக நாலு நாள்

மலேசியாவில் ஊரில் இருந்த பத்து நாளில் நாலு நாளை காருக்குள் இருந்த ஒரே ஒரு மின்கம்பி தின்றுவிட்டது. விமானம், இமிகிரேஷன், ஈப்போவிலிருந்து பஸ் எல்லாம் நல்லபடியாகவே நடந்தன, அதை விடுவோம். பெரியப்பாவின் கார்தான் விஷயம். சூடு ஏறாதவரை ஒழுங்காக ஓடும். செம்பனைக் காட்டு வழியே இருபது நிமிடம் போனதும் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழும், எஞ்சின் அணையும். பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

இப்படி அணைந்தால் முதல் சந்தேகம் எஞ்சின் தண்டின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் மேல்தான் விழ வேண்டும். அந்தச் சிக்னல் வராவிட்டால் பிஸ்டன் எங்கே நிற்கிறதென்று எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியுவுக்குத் தெரியாது. அதனால் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் திறக்காது. டவுனில் இருக்கும் வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினார்கள், பி0335 என்று கோளாறுக் கோட் வந்தது, உடனே சென்சாரை மாற்றிவிட்டார்கள். 240 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அதே பழைய கதை, அதே கோட். திரும்பப் போனால் "இசியு போயிருக்கும், ஹாஃப்கட் கடையில தேடுவோம்" என்கிறார்கள், அதாவது பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் கடையில்.

இதில்தான் எனக்குக் கோபம். பி0335 வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். சர்க்யூட் என்றால் சென்சார், கனெக்டர், கம்பி, எர்த், இசியு எல்லாமே அடக்கம். நான் இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கென்றே தனிக் காசு வாங்குவார்கள், வயிறு எரியும். ஆனால் எங்கே எத்தனை வோல்ட் இருந்தது என்று எழுதியும் கொடுப்பார்கள். இங்கே மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை.

கடைசியில் காரைத் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோனோம். தோட்டத் தொழிலாளர்களைக் காலையில் பேர் கூப்பிடும் பழைய பெரட்டுக் களத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை, வயதான ஒரு போர்மென், அதாவது மெக்கானிக். "எட்டு மணிக்கு வந்திருங்க தம்பி" என்றவர் வந்தது பத்தேகாலுக்கு. மழை பிடித்ததும் வேலையை நிறுத்திவிட்டுத் தே குடிக்கப் போய்விட்டார். பெர்த் வாழ்க்கைக்குப் பழகிய உடம்பு இதற்கெல்லாம் பொறுக்காது. ஆனால் மனிதர் வேலையில் இறங்கியதும் பேச்சே எழவில்லை.

ஸ்கேனரில் வந்த எரர் கோடை (code) அவர் அழிக்கவில்லை. காரை ஓட்டிச் சூடேற்றி, அணையவைத்து, அணைந்த நிலையிலேயே சாவியைத் திருகி ஸ்கேனரில் ஆர்பிஎம் பார்த்தார். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 150 முதல் 250 வரை ஏதோ ஒரு எண் காட்ட வேண்டும். காட்டியது பூஜ்யம். அது மூன்று கம்பி கொண்ட, காந்தப் புலத்தைச் சிப்பால் உணரும் ஹால் வகை சென்சார். இந்த வகையில் ஓம் (மின்தடை) பார்ப்பதே தப்பு, மீட்டரின் மின்சாரம் உள்ளே இருக்கும் சிப்பைக் கெடுக்கலாம். இரண்டு கம்பிச் சுருள் வகைக்குத்தான் ஓம் பார்ப்பது பொருந்தும். கனெக்டரைக் கழற்றிச் சாவியை ஆன் செய்து பார்த்தார். சப்ளையில் 5 வோல்ட். எர்த் கம்பிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கும் கீழ். சிக்னல் கம்பியில் இசியு அனுப்பும் 5 வோல்ட் இருந்தே ஆக வேண்டும், அதுதான் இல்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, இசியு கனெக்டரையும் உருவி, அந்தக் கம்பியின் இரு முனைக்கும் ஓம் பார்த்தார். அதற்குள் எஞ்சின் ஆறியிருந்தது. அரை ஓம் கூட இல்லை, கம்பி நல்லது என்கிறது மீட்டர். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுவார்கள். மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம், ரெண்டு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது போய்விடும். அவர் ஒரு 21 வாட் பிரேக் பல்பை எடுத்து, தனி பேட்டரியிலிருந்து அந்தக் கம்பி வழியாக எரியவிட்டார். கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியர் ஓட வேண்டும். பல்ப் மங்கலாக எரிந்தது. கம்பிக் கட்டைக் கையால் தடவிக்கொண்டே போனார். கியர்பாக்ஸ் பக்கத்துத் தகட்டருகே விரல் பட்டதும் பல்ப் சிமிட்டியது.

டேப்பைப் பிரித்தால், தகட்டின் விளிம்பு உராய்ந்து உறை தேய்ந்திருக்கிறது. செம்பு முழுக்கப் பச்சை. மிச்சம் இருந்தது மூன்று நான்கு இழை. சூட்டில் உறை இளகித் தொய்யும்போது அவை விலகும், ஆறினால் ஒட்டும். புது சென்சார் இரண்டு நாள் ஓடிய காரணமும் அதுவே. மாட்டும்போது கம்பிக் கட்டை அசைத்ததில் இழைகள் தற்காலிகமாகச் சேர்ந்துகொண்டன.

பச்சை வெளியே தெரிவதோடு நிற்காது, உறைக்குள்ளும் ஏறியிருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை இரு பக்கமும் நாலு சென்டிமீட்டர் வெட்டினார். அதே தடிமனில் புதுத் துண்டு வைத்து ஈயம் பற்றவைத்து, பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடுபண்ணி மூடினார். அதிர்வு உள்ள இடத்தில் ஈயத்தைவிட அழுத்தி இணைப்பதே மேல் என்பது என் எண்ணம். ஈயம் முடியும் இடத்தில் கம்பி விறைத்து முறியும். அவரும் அது தெரிந்தே இணைப்பின் இரு பக்கமும் கிளிப் போட்டு அசையாமல் பிடித்தார், தகட்டைவிட்டு விலக்கி, எஞ்சின் ஆட்டத்துக்குக் கொஞ்சம் தளர்வும் விட்டார். வெறும் டேப் மட்டும் சுற்றியிருந்தால் சூட்டில் பசை உருகி ஒரு மாதத்தில் கழன்றிருக்கும்.

பெர்த்தில் இதற்கு முழு ஹார்னஸும், அதாவது மொத்தக் கம்பிக் கட்டும், ஆர்டர் போடுவார்கள். வொர்க்ஷாப் தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போய்ப் பார்க்கவும் விடமாட்டார்கள். இங்கே ஒரு கவிழ்த்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது, லைட்டைக்கூட நான்தான் பிடித்தேன்.

முடித்ததும் அவர் பழைய சென்சாரைக் கேட்டார். நல்லவேளை, பெரியப்பா தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதையே திரும்ப மாட்டி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு, கம்பிக் கட்டைக் குலுக்கிப் பார்த்தார். ஆர்பிஎம் முள் ஆடவே இல்லை. அப்புறம்தான் எரர் கோடை அழித்தார். கூலி 60 வெள்ளி. 240 வெள்ளி சென்சார் பெட்டியோடு டேஷ்போர்டில் கிடக்கிறது. எலக்ட்ரிக் சாமானைத் திரும்ப எடுப்பதில்லையாம், டவுன் கடையில் சொல்லிவிட்டார்கள்.