பிரிவு 3-ம் பிரிவு 5-ம்: அலுவல் ரகசியச் சட்டத்தின் இரண்டு முகங்கள்

இந்தியாவின் 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தில் உளவுக்கான தண்டனையைச் சொல்வது பிரிவு 3. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு செய்யும் நோக்கம் இதற்கு வேண்டும். தடைசெய்யப்பட்ட இடத்தை நெருங்குவது, எதிரிக்குப் பயன்படும் வரைபடம் வரைவது, ரகசியக் குறியீட்டைக் கைமாற்றுவது எல்லாம் அடங்கும். படைத்தளம், கப்பல் கட்டுமிடம், ரகசியக் குறியீடு போன்றவை சம்பந்தப்பட்டால் 14 ஆண்டு வரை சிறை. மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை.

நோக்கத்தை நிரூபிப்பது கடினம் என்று தோன்றும். ஆனால் அந்த நோக்கத்தைக் காட்டும் குறிப்பிட்ட செயல் எதையும் நிரூபிக்காமலே, சூழ்நிலை, நடத்தை, அறியப்பட்ட குணம் ஆகியவற்றை வைத்துத் தண்டிக்க இப்பிரிவு இடம் தருகிறது. வெளிநாட்டு ஏஜென்டின் முகவரி கையில் சிக்கினாலே தொடர்பு இருந்ததாக அனுமானிக்கலாம் என்கிறது பிரிவு 4. குற்றவியல் சட்டத்தில் இது அபூர்வமான சலுகை, அரசுத் தரப்புக்கு.

பிரிவு 5 கசிவுக்கானது. உரிமையில்லாதவருக்குத் தகவல் கொடுத்தாலும், ஆவணத்தை அஜாக்கிரதையாக வைத்திருந்தாலும் போதும். உளவு நோக்கம் தேவையில்லை. தெரிந்தே வாங்கியவரும் மாட்டுவார். 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகையாளர்கள் அஞ்சுவது இதற்குத்தான்: எது ‘ரகசியம்’ என்று சட்டம் வரையறுக்கவே இல்லை.

இரண்டிலும் அரசோ அது அதிகாரமளித்த அலுவலரோ புகார் தராமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது.