ஐசோல்ட்: பெரூலா, தாமஸா?

அயர்லாந்து இளவரசி ஐசோல்ட்டின் கதையை 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சில் பாடியவர்களில் பெரூல், தாமஸ் என்ற இரு கவிஞர்கள் முக்கியமானவர்கள். யாரை முதலில் படிப்பது என்று தயங்குவோருக்கு:

கிடைப்பது: பெரூலுக்கு ஒரே கையெழுத்துப் படி, தொடக்கமும் முடிவும் இல்லை. தாமஸ் துண்டு துண்டாகத்தான்.

காதல் மருந்து (ஐசோல்ட்டும் டிரிஸ்டனும் அறியாமல் குடித்துக் காதலில் விழுவது): பெரூலில் மூன்றாண்டில் வீரியம் தீர்ந்துவிடும். தாமஸில் சாகும்வரை.

ஐசோல்ட்டின் குணம்: இங்கேதான் சுவை. பெரூலின் ஐசோல்ட் பலே கெட்டிக்காரி. தொழுநோயாளி வேடமிட்ட காதலன் டிரிஸ்டனின் முதுகிலேறிச் சேற்றைக் கடக்கிறாள். பிறகு ஆர்தர் அரசர் முன்னிலையில், கணவனையும் தன்னைச் சுமந்த அந்தத் தொழுநோயாளியையும் தவிர வேறெந்த ஆணும் தன் தொடைகளுக்கிடையே வந்ததில்லை என்று சத்தியம் செய்கிறாள். ஒரு சொல்கூடப் பொய்யில்லை! கவிஞரும் அவள் கட்சிதான்.

தாமஸின் ஐசோல்ட் உள்ளுக்குள் உருகுபவள். நஞ்சேறிக் கிடக்கும் டிரிஸ்டனைக் காப்பாற்றக் கடல் கடந்து வருகிறாள். அவள் வந்தால் வெள்ளைப் பாய், வராவிட்டால் கறுப்பு என்பது ஏற்பாடு. கப்பலின் பாய் கறுப்பு என்று அவன் மனைவி பொய் சொல்ல, அவன் இறக்கிறான்; வந்தவளும் அவனருகே உயிர்விடுகிறாள். இடையில் பெண்களின் கோபத்துக்கு அஞ்சவேண்டும் என்று தாமஸ் பிரசங்கம் வேறு செய்கிறார், எனக்கு ரசிக்கவில்லை.

சூழ்ச்சியும் சிரிப்பும் வேண்டுமென்றால் பெரூல். மனப்போராட்டமும் கண்ணீரும் வேண்டுமென்றால் தாமஸ்.