மூன்று ஆண்டுகள் செயற்கை நுண்ணறிவுடன்: ஒரு மொழிபெயர்ப்பாளரின் அனுபவம்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தகவல் தாள், அறுவை சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் ஆகியவற்றைத் தமிழாக்குவது என் பிழைப்பு. 2011இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தபோது நான் தொழிலுக்குப் புதியவள். அன்று எனக்குப் பயம் வரவில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகுதான் வேலையே மாறியது. அடுத்த ஆண்டிலிருந்து இத்தகைய செயலிகளைத் தினமும் பயன்படுத்துகிறேன்.

வேகம் உண்மை. இரண்டு நாள் பிடித்த படிவத்தின் முதல் வரைவு இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. தட்டச்சு செய்து செய்து வலித்த மணிக்கட்டுக்கு நிம்மதி. கலைச்சொல்லை ஆவணம் முழுவதும் ஒரே சீராக வைப்பதிலும் நல்ல உதவி.

ஆனால் ஒரு வரியைச் சொல்லியாக வேண்டும். ஆங்கில மூலத்தில் 'எவ்ரி அதர் டே' என்றிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பொருள். பழைய இயந்திரமாக இருந்தால் 'ஒவ்வொரு மற்ற நாளும்' என்று எழுதியிருக்கும். படித்தவுடன் பல்லில் கல் கடிபடும். நான் பயன்படுத்தும் செயலியோ 'தினமும் ஒரு மாத்திரை' என்று எழுதியிருந்தது. நல்ல தமிழ், பிசிறே இல்லை. இரண்டாம் முறை மூலத்தோடு ஒப்பிட்டபோதுதான் கண்ணில் பட்டது. அந்தத் தாளை நம்பி ஒரு பாட்டி இரட்டிப்பு அளவு மருந்தை விழுங்கியிருப்பார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முன்பு தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். இப்போது அது நல்ல தமிழுக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் என் வேலை எழுதுவதிலிருந்து சந்தேகப்படுவதற்கு நகர்ந்துவிட்டது. ஒரு சொல்லுக்காக அகராதியைப் புரட்டி, கிடைத்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நடப்பேனே, அந்த மகிழ்ச்சி குறைந்துபோனது. அதை இழந்ததில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கூலியும் குறைந்தது. செயலி தந்த வரைவைத் திருத்தும் இந்த வேலைக்கு நிறுவனங்கள் வைத்திருக்கும் பெயர் 'போஸ்ட் எடிட்டிங்'. "மேடம், மேலோட்டமாகப் பார்த்தால் போதும்" என்றார் ஒரு திட்ட மேலாளர். சொல்லுக்குத் தரும் தொகை பாதியானது. ஆனால் சரிபார்ப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது நான்தான். செயலி போடுவதில்லை.

செயலியை விடப்போவதில்லை. ஆனால் மருத்துவ ஆவணங்களுக்குச் சொல் கணக்கில் கூலி வாங்குவதை நிறுத்திவிட்டேன், மணிக்கணக்கில்தான் கேட்கிறேன். வேலை தரும் மூன்று இடங்களில் ஒன்று ஒப்புக்கொண்டது. ஒன்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது இடத்திலிருந்து பதிலே வரவில்லை.