"பிள்ளைங்க பேர்ல பெரிய ரீஃபண்ட்" என்று ஃபோன் வந்தால் வைத்துவிடுங்கள்: 4,700 டாலர் போன கதை

அமெரிக்காவில் வரி தாக்கல் சீசன் ஆரம்பித்துவிட்டது, இந்த ரீஃபண்ட் ஆட்களும் ஃபோன் செய்ய ஆரம்பித்திருப்பார்கள். அதனால் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வரிக் கணக்கில் பிள்ளைகளை நம்மைச் சார்ந்தோராகக் காட்டி, யாரும் எடுக்காத ரீஃபண்டை, அதாவது திரும்பி வரும் வரிப் பணத்தை, எடுத்துத் தருகிறோம் என்று சொல்லி ஒரு கம்பெனி என்னை 4,700 டாலருக்கு மொட்டையடித்துவிட்டது. பெயரைப் போடப் போவதில்லை. போட்டாலும் அடுத்த ஜனவரியில் வேறு பெயரில் வந்து நிற்பார்கள். வகையைச் சொல்கிறேன்: வெப்சைட்டில் அமெரிக்க முகவரி, பேசுகிறவன் உட்கார்ந்திருப்பது இந்தியாவில், எச்1பி (வேலை விசா) ஆட்களின் ஃபோன் நம்பர் மட்டும் எப்படியோ அவர்கள் கையில் கொத்தாக இருக்கும். இந்த ஊரில் வேலை பார்க்கிற நம்மாட்களில் பாதிப் பேருக்காவது இந்த ஃபோன் வந்திருக்கும்.

நாங்கள் டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். மூத்தவள் கோயம்புத்தூரில் பிறந்தவள், எச்4 விசா (எச்1பி ஆளின் குடும்பத்துக்குத் தருவது), அவளுக்கு ஐடின்தான், அதாவது எஸ்எஸ்என் கிடைக்காதவர்களுக்கு வரிக்காக மட்டும் தரும் எண். சின்னவன் இங்கே பிறந்தவன், எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இருக்கிறது. நான் சொல்லும் கணக்கு 2023ஆம் வருடத்துடையது. அந்த வருடம் 17 வயதுக்குக் கீழே உள்ள, எஸ்எஸ்என் உள்ள பிள்ளைக்கு 2,000 டாலர் வரிக் கழிவு, அதாவது கட்ட வேண்டிய வரியிலேயே அவ்வளவு குறையும். ஐடின் பிள்ளைக்கு வெறும் 500. ஒரே வீட்டில் ஒரே சோறு தின்கிற இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விலை! இந்த வயிற்றெரிச்சல் நமக்கெல்லாம் உண்டு என்பது அந்தக் கும்பலுக்கு நன்றாகத் தெரியும். பிடிப்பதே அங்கேதான்.

ஃபோனில் வந்தவன் முதல் வாக்கியத்திலேயே கொங்குத் தமிழ். "ஏனுங்ண்ணா, நீங்க கோயமுத்தூருங்களா? நமக்குப் பொள்ளாச்சிங்ண்ணா." நாள் முழுக்க ஆபீசில் இங்கிலீஷில் பேசிவிட்டு வருகிறவனுக்கு அந்த 'ங்ண்ணா' என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அவசரமே படவில்லை. மகளுக்கு என்ன வயசு, எந்த ஸ்கூல், பையன் நடக்கிறானா என்றெல்லாம் கேட்டான். "அண்ணி என்னங்ண்ணா படிச்சிருக்காங்க?" என்றான். எம்.எஸ்சி. கணக்கு என்றேன். "அடடா, சும்மாவா இருக்காங்க? ஏதாவது கோர்ஸ் பண்றாங்களாங்ண்ணா?" ஆன்லைனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள், இலவசம்தான் என்றேன். ஊர்க்காரன் அக்கறையாக விசாரிக்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த ஒரு பதிலை அவன் என்ன செய்து வைத்திருக்கிறான் என்பது பின்னால் வருகிறது.

எனக்கு வர வேண்டிய ரீஃபண்ட் ஏறக்குறைய 1,900 டாலர். அவன் 5,100 என்றான். எப்படி என்று கேட்காமல் இல்லை. "பாப்பாவுக்கும் 2,000 முழுசா எடுத்துரலாமுங்ண்ணா. ஐடினா இருந்தா என்ன, அதுக்குன்னு தனி ஃபார்ம் இருக்குதுங்க. மத்த கம்பெனிக்காரங்க மெனக்கெட மாட்டாங்க. மிச்சம் எங்க சீனியர் பார்த்து எடுக்கிற டிடக்‌ஷன்." அப்படி ஒரு ஃபார்ம் கிடையவே கிடையாது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவையும் சேர்த்துவிடலாமா என்று வேறு கேட்டான். வேண்டாம் என்றேன். "சரிங்ண்ணா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." என்ன ஒரு பெருந்தன்மை!

எஸ்எஸ்என் கார்டு, பாஸ்போர்ட், டபிள்யூ-2 (ஆபீசில் தரும் வருடச் சம்பளப் படிவம்) எல்லாம் வாட்ஸ்அப்பில் போயிற்று. ஃபீஸ் முதலில் 49 டாலர் என்றார்கள், ரீஃபண்ட் ஏறியதும் அது 400 ஆயிற்று. பணம் போய்ச் சேர்ந்தது கம்பெனி பெயருக்கு அல்ல, யாரோ ஒரு தனி ஆள் பெயருக்கு. கையெழுத்துக்கு ஒரு தாளும் இரண்டு பக்கச் சுருக்கமும் வந்தன. முழு ரிட்டர்ன் (வரித் தாக்கல் படிவம்) கேட்டதற்கு, "ஃபைல் ஆனதும் பாஸ்வேர்டு போட்டு அனுப்பறமுங்ண்ணா" என்றான். இன்று வரை வரவில்லை. 5,100 மட்டும் சொன்னபடி பேங்கில் வந்து விழுந்தது. பணம் வந்தபின் யாருக்குச் சந்தேகம் வரும்?

அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் கடிதம் போன வருடம் வந்தது. 2023 ரிட்டர்னில் காட்டிய குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் ஆதாரம் அனுப்பு என்று கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் கிடையாது. ஐஆர்எஸ் தளத்தில் என் கணக்கைத் திறந்து டிரான்ஸ்கிரிப்டை (தாக்கல் ஆன ரிட்டர்னில் உள்ள விவரங்களின் பட்டியல்) பிரிண்ட் எடுத்தேன். டைனிங் டேபிளில் வைத்து வரிவரியாகப் பார்த்தோம். மகளுக்கு அதே 500தான் போட்டிருந்தான். அந்தத் 'தனி ஃபார்ம்' மாயம். அதற்குப் பதிலாக ஃபார்ம் 2441: இரண்டு பிள்ளைகளுக்கும் டேகேர் செலவு 6,000 டாலர், அதற்குக் கழிவு 1,200. மூத்தவள் படிப்பது அரசுப் பள்ளியில், கட்டணமே இல்லை. சின்னவன் டேகேர் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கழிவுக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் சம்பாதிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். அதற்காக என் மனைவியை மாணவியாக்கி, கூடவே 10,000 டாலர் கல்லூரிக் கட்டணம் காட்டி, அதில் இன்னொரு 2,000 எடுத்திருக்கிறான். "ஏங்க, நான் எந்தக் காலேஜுக்குங்க போனேன்?" என்று அவள் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். 'அண்ணி என்ன படிச்சிருக்காங்க' என்று அவன் கேட்டது இதற்குத்தான்.

இன்னொன்று. காசு வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் போடுகிறவர் தன் பிடிஐஎன் எண்ணை (ரிட்டர்ன் தயாரிப்பவருக்கு ஐஆர்எஸ் தரும் அடையாள எண்) போட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பது இங்கே சட்டம். பிள்ளைகளுக்கான கழிவு எடுத்தால், விசாரித்துப் பார்த்தேன் என்று ஃபார்ம் 8867 தனியாக இணைக்க வேண்டும். என் ரிட்டர்னில் தயாரித்தவருக்கான இடமே காலி. நானே உட்கார்ந்து தயாரித்த மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். அதாவது பொய் முழுக்க என் தலையில்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. பொள்ளாச்சிக்காரன் எடுக்கவே இல்லை. பொது நம்பரில் ஒரு பெண், "சார், அவர் இப்ப இங்க இல்ல, ஆடிட் சப்போர்ட் டீம்லருந்து கூப்பிடுவாங்க" என்றார். கூப்பிடவில்லை. அடுத்து ஒருவர், "இதெல்லாம் ரேண்டம் லெட்டர் சார், எல்லாருக்கும் வருது, பதில் போடாதீங்க" என்றார். ஐஆர்எஸ் கடிதத்துக்குப் பதில் போடாதே என்பதெல்லாம் ஒரு ஆலோசனையா? போடாவிட்டால் அவர்கள் போட்ட கணக்கே முடிவாகிவிடும். மூன்றாவதாக 'மேனேஜர்' என்று ஒரு ஆள். பதில் எழுதித் தர 600 டாலர் கேட்டார்! டேகேரும் காலேஜும் எங்கிருந்து வந்தது என்று கத்தினேன். "கிளையண்ட் சொன்ன தகவலைத்தான் சார் போடுவோம். கையெழுத்து உங்களுதுதானே?" என்றார், குரல்கூட ஏறாமல். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் பிளாக்.

கடைசியில் இங்கேயே உள்ள ஒரு சிபிஏ-விடம் (உரிமம் பெற்ற கணக்காளர்) போனோம். யார் தயாரித்தாலும் பொறுப்பு வரி கட்டுகிறவருக்குத்தான் என்றார். திருப்பிக் கட்ட வேண்டியது 3,200. அதில் 20 சதவீதம் அபராதம், 640. வட்டி 460 சொச்சம். அந்தத் திருடனுக்கு அழுத ஃபீஸ் 400. ஆக மொத்தம் 4,700 டாலர், ஊர்க் கணக்கில் நாலு லட்சத்துக்கு மேல். 3,200 என் கைக்கு வந்ததுதானே என்று கேட்பவர்களுக்கு: வந்தது, செலவாயிற்று, இன்று மொத்தமாக எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன் பெயரில் அரசாங்கக் காகிதத்தில் ஒரு பொய் ஏறியிருக்கிறதே, அதற்கு என்ன விலை? அபராதத்தையாவது தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதியிருக்கிறோம். அந்தக் கும்பல் மேல் ஃபார்ம் 14157-இல் புகாரும் போட்டாயிற்று. இரண்டுக்கும் இன்னும் பதில் இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. முக்கியமானது மட்டும்.

ஐடின் பிள்ளைக்கு 500தான். 2025 கணக்கில் எஸ்எஸ்என் பிள்ளைக்கு 2,200 ஆகியிருக்கிறது, ஐடினுக்கு அதே 500. முழுசாக வாங்கித் தருகிறேன் என்பவன் பொய்யன், அங்கேயே ஃபோனை வையுங்கள். ஊரில் தாத்தா பாட்டியிடம் வளரும் இந்தியக் குடியுரிமைப் பிள்ளையையோ, ஊரில் இருக்கும் பெற்றோரையோ காட்டலாம் என்றாலும் அப்படியே. பிள்ளை டிசம்பர் 31 அன்று பிறந்தாலும் அந்த வருடம் முழுவதற்கும் கணக்குண்டு, அதற்கெல்லாம் எந்த ஸ்பெஷலிஸ்ட்டும் வேண்டாம்.

பிடிஐஎன் கேளுங்கள். முழு ரிட்டர்னையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஃபார்ம் 2441 இருந்தால் யாருக்கு, எந்த டேகேர் என்று கேளுங்கள். ரீஃபண்ட் ஏற ஏற ஃபீஸும் ஏறினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே இந்த மாதிரி இடத்தில் போட்டிருந்தால் இன்றைக்கே டிரான்ஸ்கிரிப்டை எடுத்துப் பாருங்கள். தப்பு இருந்தால் கடிதம் வருவதற்கு முன் 1040-எக்ஸ் (திருத்திய ரிட்டர்ன்) போட்டுத் திருத்திவிடலாம், அபராதத்திலிருந்தாவது தப்பிக்கலாம். பிள்ளைகளின் எஸ்எஸ்என் அவர்கள் கையில் இருப்பதால் பிள்ளைகளுக்கும் ஐபி பின் (நம் எண்ணில் வேறு யாரும் ரிட்டர்ன் போடாமல் தடுக்க ஐஆர்எஸ் தரும் ரகசிய எண்) வாங்கிவிடுங்கள். எங்கள் சின்னவனுக்கு நேற்றுதான் விண்ணப்பித்தோம்.

மூத்தவளுடைய பாஸ்போர்ட் காப்பியும் அவர்களிடம்தான் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.