வடசேரியில் வாங்கிய வே புரோட்டீன் பொடி

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு உடல் இளைத்துப்போன என் அத்தைக்காக, நாகர்கோவில் வடசேரியில் உள்ள ஒரு கடையில் அரைக்கிலோ வே புரோட்டீன் (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதப் பொடி) டப்பா ஒன்றை வாங்கினேன். பொடி நன்றாகவே இருக்கிறது. வெதுவெதுப்பான பாலில் கலக்கினால் கட்டி தட்டாமல் கரைகிறது, கொதிக்கும் பாலில் இட்டால் மட்டும் திரிந்து துணுக்குகளாக மிதக்கிறது. கசந்துபோன வாய்க்கும் அதன் சுவை ஒத்துக்கொண்டது.

என் மனக்குறை, டப்பாவோடு கடைக்காரர் கொடுத்த துண்டறிக்கையின் மீதுதான். பால் புரதம் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். இந்தக் கூற்றின் வேர் உண்மையானது என்பதால்தான் இது கூடுதலாக ஏமாற்றுகிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரினா ஸ்வான்போர்க் குழுவினர் தாய்ப்பாலை ஆராய்ந்து 1995இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு, பின்னர் ஹாம்லெட் எனப் பெயர் பெற்றது. தாய்ப்பாலில் உள்ள, 123 அமினோ அமிலங்களாலான ஆல்ஃபா லாக்டால்புமின் என்னும் புரதம், தன்னிடமுள்ள கால்சியத்தை இழந்து, மடிப்புச் சற்றே அவிழ்ந்து, ஒலியிக் அமிலம் என்னும் நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தோடு இணையும்போதுதான் ஆய்வகத்தில் புற்றுச் செல்களைக் கொல்கிறது. தன் இயல்பு நிலையில் அது அவ்வாறு செய்வதில்லை. மனிதர்களிடம் ஹாம்லெட் என்னும் அந்தக் கலவையைத் தோல் மருக்களின் மேல் தடவியும், சிறுநீர்ப்பைக்குள் செலுத்தியும் சோதித்தார்கள். பசும்பாலிலிருந்து பிரித்த இந்தப் பொடி அந்தக் கலவை அன்று.

அத்தையின் மருத்துவர் லேபிளைப் படித்துப் பார்த்து, நாளொன்றுக்கு எத்தனை கரண்டி என்று குறித்துத் தந்தார். சத்துணவு என்ற அளவில் இதை மீண்டும் வாங்குவேன். அந்தத் துண்டறிக்கையை மேசையிலிருந்து அகற்றுமாறு கடைக்காரரிடம் நேரில் கேட்டிருக்கிறேன்.